‘கை போட்டிட்டுது’: கிளிநொச்சி முன்பள்ளியொன்றில் நாலு வயதுச் சிறுவனின் ஓராண்டு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு 2018 ஜனவரிக்கும் 2019 பெப்ரவரி இறுதிக்கும் இடையில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் குடியேற்றக் கிராமமொன்றின் முன்பள்ளியில் நடந்தது. அந்த முன்பள்ளியின் ஆசிரியைகள் இருவரில் நான் மூத்தவள். பிள்ளையையோ குடும்பத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன். தாயாரும் அம்மம்மாவும் இதை எழுதச் சம்மதித்தார்கள். அம்மம்மா, தான் அடித்ததையும் எழுதும்படி சொன்னார்.

இறுதிப் போரின்போது 2009 இல் முற்றாக இடம்பெயர்ந்த இந்தக் கிராமத்தவர்கள் செட்டிகுளம் முகாம்களில் இருந்துவிட்டு 2010 இல் மீளக் குடியேறினார்கள். முன்பள்ளிக்கு ஒரு மண்டபமும் முற்றத்தில் ஒரு வேம்பும் ஒரு தண்ணீர்க் குழாயும் உண்டு. அந்த ஆண்டு 23 பிள்ளைகள் காலை 8.30 முதல் 11.30 வரை வந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மூன்று வயதிலேயே சேர்ந்து ஒரு வருடம் பழகியிருந்தார்கள். இந்தச் சிறுவன் 2013 நவம்பரில் பிறந்தவன். 2018 ஜனவரியில், நாலு வயதும் இரண்டு மாதமும் ஆகியிருந்தபோது, முதன்முறையாக எங்களிடம் வந்தான். அடுத்த ஜனவரியில் அவன் பாடசாலையில் முதலாம் ஆண்டுக்குப் போகவேண்டியவன். ஆகவே எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஆண்டு.

தாயார் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். காலை ஆறு மணிக்கு முன்னரே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது இருட்டிவிடும். தகப்பனார் கொழும்பில் மேசன் வேலை செய்து, ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துபோனார். பிள்ளையைப் பார்த்தது அறுபது வயதைத் தாண்டிய அம்மம்மா. வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு இல்லை. வேலிக்கு அப்பால் வாய்க்கால் ஓடியது. அம்மம்மாவின் கண்டிப்புக்கு இவையும் காரணமென்று எனக்குப் பின்னர்தான் புரிந்தது.

முதலாம் தவணையில் கண்டவை

முதல் கிழமையிலேயே மற்றப் பெற்றோர் அவனைக் ‘குழப்படிக்காரன்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வட்டமாக இருந்து பாட்டுப் படிக்கும்போது இரண்டாவது வரிக்கு முன்னரே எழுந்துவிடுவான். கை கழுவ வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரைத் தள்ளுவான். கேள்வி முடிவதற்கு முன்னர் பதில் சொல்லுவான். பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். “கையைக் கழுவி, போத்தலை எடுத்துக்கொண்டு வந்து, பாயில இருங்கோ” என்று சொன்னால் கையைக் கழுவுவான். பிறகு குழாயடியிலேயே நின்று, தண்ணீர் வடிந்தோடும் பாதையைப் பிராக்குப் பார்த்துக்கொண்டிருப்பான். போத்தலும் பாயும் அவனுடைய நினைவிலிருந்து போய்விட்டிருக்கும்.

மார்ச் மாதத்தில் ஐந்து நாட்கள் தொடர்ந்து குறிப்பெடுத்தேன். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும் நேரங்கள் நாளுக்கு மூன்றாகப் பதினைந்து வந்தன. அவற்றில் பதின்மூன்றில் எங்களில் ஒருவர் அவனுடைய கையைப் பிடித்து அழைத்துவர வேண்டியிருந்தது. அந்தக் கிழமையில் ஒன்பது தடவை மற்றப் பிள்ளைகளைத் தள்ளினான் அல்லது அவர்களின் கையிலிருந்ததைப் பறித்தான். ஏன் தள்ளினாய் என்று கேட்டபோது ஒருமுறை “கை தள்ளிட்டுது” என்றான். பொய் சொல்லக்கூடாது என்று அவனைக் கண்டித்தேன்.

ஆனால் அதே குறிப்புப் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. வேம்படி மணலில் அவன் குளம் கட்டுவான். சிரட்டையால் தண்ணீர் அள்ளி ஊற்றி, தடியால் வாய்க்கால் கீறி, துருசுக்கு, அதாவது மதகுக்கு, ஒரு கல்லை வைத்து, அதை எடுத்து எடுத்து மூடுவான். ஒரு நாள் முழுதாக இருபத்தைந்து நிமிடங்கள் அங்கிருந்து எழும்பவில்லை. கவனமே இல்லாத பிள்ளை என்று இவனைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது சரியாக இருக்க முடியாது என்பதற்கு அந்த இருபத்தைந்து நிமிடங்களே சான்று. அதைக் குறித்து வைத்தேன், பொருளை யோசிக்கவில்லை. தனக்குப் பிடித்த வேலை ஒரு பிள்ளையை இழுத்து வைத்திருப்பதும், பிடித்த வேலையை விட்டுவிட்டு வரும்படி பிள்ளை தன்னைத் தானே இழுப்பதும் வெவ்வேறு ஆற்றல்கள் என்பதை நான் பயிற்சி நெறியொன்றில் படித்திருந்தேன். முற்றத்தில் கண்டபோது அந்தப் படிப்பு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

எங்கள் முதல் முடிவும் அதன் விளைவும்

அவனை மற்றவர்களிடமிருந்து பிரித்து, என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருத்தினோம். வரிசையில் தள்ளினால் கடைசியில் நிற்கவேண்டும்; பாட்டு நேரத்தில் எழும்பினால் அன்று மணல் விளையாட்டு இல்லை. 23 பிள்ளைகளையும் இரண்டு பேர் பார்க்கும் இடத்தில் வேறு வழி தெரியவில்லை. அவனுக்கு விளங்கவில்லை, விளங்கினால் செய்வான் என்று நம்பி, ஒழுங்குகளைத் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

அதோடு, நாள்தோறும் பதினொன்றரைக்கு அம்மம்மா படலையடிக்கு வந்ததும், அன்று அவன் செய்தவற்றை மற்றத் தாய்மாருக்கு முன்னால் வைத்தே சொன்னேன். இரண்டு மாதம் இப்படிப் போனது. தள்ளுவது குறையவில்லை. காலையில் படலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுத்து அழத் தொடங்கினான். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் காற்சட்டைக்குக் கீழே காலில் தடித்த கோடுகளைக் கண்டேன். பூவரசந் தடியால் அடித்திருந்தார்கள். அம்மம்மாவைக் கேட்டபோது, “நீங்கள்தானே ரீச்சர் ஒவ்வொரு நாளும் சொல்லுறியள், சொல்வழி கேக்கிறானில்லை எண்டு” என்றார்.

அந்த அடிக்கு வழி வைத்தது படலையில் நான் சொன்ன முறைப்பாடுதான். இந்த ஆய்வை நான் எழுதுவதற்கு முதற்காரணம் இதுவே.

மே மாதத்து அட்டைகள்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் என் பயிற்சிக் குறிப்புகளை எடுத்து மீண்டும் வாசித்தேன். ஒரு நோக்கத்தை மனதில் பிடித்து வைத்துக்கொண்டு, உடனே எழும் உந்தலைத் தடுத்து, நிலைமை மாறும்போது தானும் மாறிச் செயற்பட உதவும் ஆற்றல்களை உளவியலாளர் நிறைவேற்றுத் தொழிற்பாடுகள் என்ற ஒரே பெயரில் அழைக்கிறார்கள். பிடித்து வைப்பது செயற்படு நினைவு, தடுப்பது தன்னடக்கம், மாறுவது சிந்தனை நெகிழ்ச்சி. இவற்றுக்கு ஆதாரமான முன்நுதல் மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரையில் முதிர்ந்துகொண்டே போகிறது. ஆனாலும் மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் ஏற்படும் மாற்றம் மிக வேகமானது. அந்த வேகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதத்தில் வருவதில்லை.

பிலிப் செலாசோ என்ற கனடிய உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1996 இல் விபரித்த ஓர் அட்டை விளையாட்டு அந்தக் குறிப்புகளில் இருந்தது. பால்மாப் பெட்டி மட்டையை வெட்டி நானே அட்டைகள் வரைந்தேன். ஒரு தட்டில் நீல முயல், மற்றத் தட்டில் சிவப்புத் தோணி. பிள்ளையின் கையில் கொடுப்பவை சிவப்பு முயல்களும் நீலத் தோணிகளும். முதலில் நிறத்தின்படி பிரிக்கவேண்டும். பிறகு அதே அட்டைகளை வடிவத்தின்படி பிரிக்கவேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டாவது ஒழுங்கைக் கேட்ட பின்னரும் முதல் ஒழுங்கின்படியே போட்டுக்கொண்டிருப்பார்கள்; ஐந்து வயதில் பெரும்பாலோர் மாறிவிடுவார்கள்.

மே மாதத்தில் ஒரு காலை, மற்றவர்கள் முற்றத்தில் நின்றபோது, அவனோடு தனியாக விளையாடினேன். அப்போது அவனுக்கு நாலரை வயது. நிறத்தின்படி ஆறு அட்டைகளையும் பிழையின்றிப் போட்டான். “இப்ப வடிவ விளையாட்டு. முயலெல்லாம் முயலிட்டப் போகோணும், தோணியெல்லாம் தோணியிட்டப் போகோணும்” என்றேன். ஆறையும் நிறத்தின்படியே போட்டான். “தம்பி, வடிவ விளையாட்டில முயல் எங்க போகோணும், சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்டதும் சரியான தட்டைத் தொட்டுக் காட்டினான். அடுத்த சிவப்பு முயலைக் கொடுத்தேன். கை மறுபடியும் சிவப்புத் தோணித் தட்டுக்குப் போனது. போட்டுவிட்டு அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், “ரீச்சர், கை போட்டிட்டுது” என்றான்.

மார்ச்சில் நான் பொய் என்று கண்டித்த “கை தள்ளிட்டுது” என்ற சொல்லும் இதைப் போன்றதுதான். அவனுக்கு ஒழுங்கு தெரிந்திருந்தது, அதை வாயால் சொன்னான், விரலால் காட்டினான். ஆனால் தெரிந்த அந்த ஒழுங்கு, பழகிய கையை நிறுத்தும் அளவுக்கு இன்னும் பலம் பெறவில்லை. செலாசோவின் ஆய்விலும் சிறு பிள்ளைகள் புதிய ஒழுங்கைச் சரியாகச் சொல்லிக்கொண்டே பழைய ஒழுங்கின்படி அட்டையைப் போட்டார்கள். இரண்டு மாதமாக நாங்கள் அவனுக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லி, தெரிந்தும் செய்யாததற்காகத் தண்டித்திருக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இந்த அட்டை விளையாட்டு நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இல்லை. நாலரை வயதில் மாற முடியாத பிள்ளைகள் ஊர்தோறும் இருப்பார்கள். அவன் அந்த வயதின் பரந்த எல்லைக்குள், சற்றுப் பிந்தி நின்றான், அவ்வளவே.

காதும் இரத்தமும்

சொல்வதைச் செய்யாத பிள்ளைக்கு முதலில் பார்க்கவேண்டியது காது. இந்த வயதில் தடிமன் பிடித்த பின் நடுக்காதில் நீர் தங்கி, வலி இல்லாமலே கேட்டல் மங்குவது சாதாரணம். குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, சுகாதார வைத்திய அதிகாரி ஊடாக வைத்தியசாலைக்கு அனுப்பினார். கேட்டல் சரியாக இருந்தது. இரத்தப் பரிசோதனையில் இலேசான இரும்புச் சத்துக் குறைவு தெரிந்தது. மூன்று மாதத்துக்குப் பாணி மருந்து கொடுத்தார்கள்.

மிகைத் துடியாட்டக் குறைபாடா (ADHD) என்று தாயார் கேட்டார். யாரோ தொழிற்சாலையில் சொல்லியிருந்தார்கள். இந்த வயதில் அவசரப்பட்டுப் பெயர் வைப்பதை விட, வீட்டிலும் முன்பள்ளியிலும் வளர்ந்தவர்களின் நடைமுறையை மாற்றி, ஐந்து வயது தாண்டும் வரை பார்ப்போம் என்று வைத்திய அதிகாரி சொன்னார். அதற்குள் நிலைமை மோசமானால் உடனே திரும்பி வருவதென்று முடிவு செய்தோம்.

ஜூன் முதல் மாற்றியவை

என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒரு நியாயமான கேள்வியைக் கேட்டார்: 23 பேரில் ஒருவனுக்காக எல்லாவற்றையும் மாற்றுவதா? எல்லோருக்குமாகவே மாற்றுவோம் என்று தீர்மானித்தோம். அவனைத் தனிக்கதிரையிலிருந்து எழுப்பிப் பாயில் மற்றவர்களோடு இருத்தினோம். படலை முறைப்பாட்டை அன்றே நிறுத்தினேன். சொல்லவேண்டியது இருந்தால் கிழமைக்கு ஒருமுறை, அவனுக்குக் கேட்காத இடத்தில், அம்மம்மாவுடன் மட்டும் பேசினேன்.

மூன்று காரியங்களை ஒரே மூச்சில் சொல்வதை விட்டோம். குழாய், போத்தல், பாய் மூன்றையும் மட்டையில் வரைந்து, நூலில் கோத்து, குழாயடியில் தொங்கவிட்டோம். தலைக்குள் பிடித்து வைக்க முடியாததை வெளியில், கண்ணுக்கு முன் வைப்பதே நோக்கம். அவன் ஒவ்வொன்றாகத் தொட்டு, “கை… போத்தல்… பாய்” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நடந்தான். பிள்ளை தனக்குத் தானே பேசுவதை முன்னர் நாங்கள் அலட்டல் என்று நிறுத்தியிருப்போம். அந்தப் பேச்சுத்தான் பின்னர் உள்ளே போய்ச் சிந்தனையாகி நடத்தையை வழிநடத்துகிறது என்பது ரஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கியின் கருத்து. செப்ரெம்பரில் அவன் மட்டைகளைத் தொடுவதை விட்டான்; உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

விளையாட்டுகளுக்கு நாங்கள் வெளியே எங்கும் தேடவில்லை. ‘எவடம் எவடம், புளியடி புளியடி’ விளையாட்டை எங்கள் அம்மம்மாமார் காலந்தொட்டு விளையாடுகிறோம். கை நிறைய மண்ணும் அதில் நட்ட ஒரு குச்சியுமாகப் பிள்ளை நடக்க, இன்னொரு பிள்ளை பின்னால் நின்று கண்ணைப் பொத்தி வளைத்து வளைத்துக் கூட்டிப்போகும். மண்ணை ஓரிடத்தில் வைத்துவிட்டு, கண் பொத்தியபடியே புறப்பட்ட இடத்துக்கு வந்து, பிறகு கண்ணைத் திறந்து வைத்த இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். எத்தனை எட்டு, எந்தப் பக்கம் திரும்பினோம் என்று பிடித்து வைத்திருக்காமல் அந்தக் குச்சியைக் கண்டுபிடிக்க முடியாது. செயற்படு நினைவுக்கு இதைவிட நல்ல பயிற்சியை எந்தக் கையேடும் எனக்குத் தரவில்லை. ‘தலை’ என்றால் காலையும் ‘கால்’ என்றால் தலையையும் தொடும் விளையாட்டைப் பயிற்சி நெறியில் கற்றிருந்தேன், அதையும் சேர்த்துக்கொண்டோம்.

பெற்றோர் கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு வந்தது. “எழுத்து எப்ப தொடங்குவியள்? பிள்ளையள் விளையாடிப்போட்டு வருகுதுகள்” என்று ஒரு தகப்பனார் கேட்டார். இந்தக் கேள்வி வன்னியில் எந்த முன்பள்ளிக்கும் புதிதில்லை. எல்லாவற்றையும் இழந்து திரும்பிய பெற்றோருக்குப் பிள்ளையின் கொப்பியில் ‘அ’ன்னாவைக் காண்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆனால் இருக்கவும் காத்திருக்கவும் கேட்டதைப் பிடித்து வைக்கவும் முடியாத பிள்ளைக்கு எழுத்து அட்டை சுமையாகிவிடும் என்று அன்று எழுந்து நின்று சொன்னேன். இப்போதும் அதையே சொல்வேன்.

கடவைக் காவலர்

ஜூலையில் நடந்த ஒரு விடயத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்குப் புகையிரதம் புதினமானது. 2013 இல் கிளிநொச்சி வரையும் 2014 இல் யாழ்ப்பாணம் வரையும் அது மீண்டும் ஓடத் தொடங்கியபோது இவர்கள் கைக்குழந்தைகள் அல்லது பிறக்கவே இல்லை. ஆனால் கடவைகளில் நின்று அதைப் பார்க்காத பிள்ளை இல்லை. பாத்திரமேற்று விளையாடும்போது பிள்ளைகள் தம்மை அடக்கிக்கொள்ளும் அளவு கூடுகிறது என்று வைகொட்ஸ்கியின் வழிவந்த ஆய்வாளர்கள் 1940களிலேயே காட்டியிருந்தார்கள்: சும்மா நில் என்றால் சில கணங்களே நிற்கும் பிள்ளை, காவலாளியாக நடிக்கும்போது நெடுநேரம் அசையாமல் நின்றது. சென்றிக் காவலாளி, அதாவது துவக்கோடு காவல் நிற்பவர், என்ற பாத்திரத்தை எங்கள் முற்றத்தில் நான் விரும்பவில்லை. கடவைக் காவலரைத் தேர்ந்தேன்.

அவனுக்கு ஒரு சிவப்புத் துணிக் கொடி. புகையிரதம் முழுவதும் போய் முடியும்வரை காவலர் கொடியை இறக்கக்கூடாது, இடத்தை விட்டு அசையக்கூடாது. அசைந்தால் சைக்கிள்காரர் கடவைக்குள் வந்துவிடுவார்கள். இதை அவனே மற்றவர்களுக்கு விளக்கினான். பதினெட்டுப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வேம்பைச் சுற்றி வந்தார்கள். இரண்டு சுற்று. நடுவில் இரு பிள்ளைகள் விழுந்து, எழுந்து, சண்டை பிடித்து, மறுபடியும் கோத்துக்கொண்டார்கள். கை கழுவும் வரிசையில் ஒரு நிமிடம் நிற்க முடியாதவன் நாலு நிமிடத்துக்கு மேல் கொடியை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். கை நடுங்கியது, மற்றக் கையால் அதைத் தாங்கிக்கொண்டான். கடைசிப் பெட்டி போனதும் கொடியை இறக்கிவிட்டு, “இப்ப போகலாம்” என்று சைக்கிள்காரரைப் பார்த்துச் சொன்னான்.

அன்றிலிருந்து கை கழுவும் வரிசைக்கும் ஒரு கடவை வைத்தோம். கொடியை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளை பிடித்தது.

பாத்திர விளையாட்டையும் முன்கூட்டித் திட்டமிடுவதையும் மையமாகக் கொண்ட முன்பள்ளித் திட்டமொன்றில் படித்த பிள்ளைகள் தன்னடக்கச் சோதனைகளில் முன்னிற்பதாக உளவியலாளர் அடெல் டயமண்ட் குழுவினர், ஐக்கிய அமெரிக்காவில் 147 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வைப் பற்றி 2007 இல் எழுதினார்கள். அதே திட்டத்தைப் பின்னர் பெரிய அளவில் சோதித்தவர்கள் சிலருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே இதை மருந்துபோல எந்த இடத்துக்கும் கொடுத்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் புகையிரதம் பிடித்திருந்தது என்பதும் ஒரு காரணம்.

வீடு

ஜூன் இறுதியில் வீட்டுக்குப் போனேன். அடிக்கவேண்டாம் என்று சொல்வதற்கு முன்னர் அம்மம்மாவைக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: “ரீச்சர், கடைசி நேரம் நாங்கள் ‘படு’ எண்டா எல்லாப் பிள்ளையளும் பங்கருக்குள்ள படுத்ததுகள். ரண்டாந்தரம் சொல்ல நேரம் இருக்கேல்லை. இவன் நில் எண்டா நிக்கிறானில்லை. எனக்கு நெஞ்சு பதறுது.” கட்டில்லாத கிணற்றைக் காட்டினார். நான் அவருக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அட்டைகளை எடுத்து, பாயில் வைத்து, அவருக்கு முன்னாலேயே பேரனோடு விளையாடினேன். வாயால் சரியாகச் சொல்லிவிட்டுக் கை வேறிடம் போவதை அவர் இரண்டு தடவை பார்த்தார். “அப்ப, தெரிஞ்சுகொண்டு செய்யேல்லையே” என்றார். அதன் பிறகு பூவரசந் தடி எடுத்ததாக நான் அறியவில்லை. கிணற்றுக்கு ஒரு மாதத்துக்குள் தகரத்தால் அடைப்புப் போட்டார்கள். பிள்ளையின் அடக்கத்தை நம்பி விடமுடியாத ஆபத்தை வளர்ந்தவர்கள்தான் அடைக்கவேண்டும்.

இன்னொன்றும் வீட்டில்தான் தெரியவந்தது. சித்திரைக்கு வந்த தகப்பனார் ஆடிக்குச் சின்னச் சைக்கிள் வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தார். ஆடிக்கு வரமுடியாது போலிருக்கிறது, தீபாவளிக்குப் பார்ப்போம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். கூலி ஒழுங்காகக் கிடைக்காத மனிதர். பொய் சொல்பவர் இல்லை. ஆனால் ‘நாளைக்கு’, ‘பிறகு’ என்ற சொற்களுக்கு அந்தப் பிள்ளையிடம் பெறுமதி இல்லாமல் போயிருந்தது. முன்பள்ளியில் “பொறுங்கோ, உங்கட முறை வரும்” என்று நான் சொன்னதை அவன் ஏன் நம்பவேண்டும்?

2013 இல் செலெஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியோரும் 28 பிள்ளைகளுடன் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது. வளர்ந்தவர் ஒருவர் நல்ல வர்ணப் பொருள்கள் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மற்றப் பாதிக்கு வெறுங்கையோடு வந்தார். பிறகு ஓர் இனிப்பை வைத்து, காத்திருந்தால் இரண்டு தருவேன் என்றபோது, முதல் பாதி சராசரியாக 12 நிமிடமும் இரண்டாம் பாதி 3 நிமிடமும் காத்திருந்தன. பொறுமை பிள்ளையின் குணத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை.

தகப்பனாரோடு தொலைபேசியில் பேசி, சைக்கிளைப் பற்றி இனிப் பேசவேண்டாம், செய்யக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஞாயிறு இரவு ஏழு மணிக்குக் கதைப்பேன் என்றார். பன்னிரண்டு ஞாயிறுகளில் பத்தில் கதைத்தார். முன்பள்ளியில் நாங்களும் அவ்வாறே: மழை வந்து மணல் விளையாட்டைத் தவறவிட்டால் அடுத்த நாள் முதல் வேலை அதுவாகவே இருக்கும்.

ஒக்ரோபரும் வெள்ளமும்

ஒக்ரோபரில் மறுபடியும் ஐந்து நாட்கள் குறித்தேன். பதினைந்து மாறும் நேரங்களில் கை பிடிக்க வேண்டியிருந்தது நாலில். தள்ளியதும் பறித்ததும் இரண்டு தடவை. அட்டைகளில் வடிவத்துக்கு மாறியபோது ஆறில் ஐந்தைச் சரியாகப் போட்டான். மூன்றாவது அட்டையில் கை நிறத் தட்டுக்கு மேலே போய் நின்று, திரும்பி வந்தது. அந்தத் தயக்கத்தைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுதாமல் விடமுடியாது.

எது பலன் தந்தது என்று என்னால் பிரிக்க முடியாது. இரும்புச் சத்து மருந்து மூன்று மாதம் குடித்தான். ஐந்து மாதம் வயது கூடியது; எதுவும் செய்யாமலே அந்த மாதங்களில் நிறைய வளர்ச்சி நடந்திருக்கும். அடி நின்றது, தகப்பனாரின் குரல் ஒழுங்காக வந்தது. எல்லாம் ஒரே காலத்தில் நடந்தன.

டிசெம்பர் 21 ஆம் திகதி இரவு பெய்த கடும் மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இந்தக் குடும்பம் பாடசாலைக் கட்டடமொன்றில் சில நாட்கள் தங்கியிருந்தது. பார்க்கப் போனபோது அவன் அம்மம்மாவின் சீலையை விட்டு விலகவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு முதலாம் ஆண்டில் சேர்ந்தான். முதல் நாட்களிலேயே கதிரையை விட்டு எழும்புகிறான், பக்கத்துப் பிள்ளையைத் தள்ளுகிறான் என்று வகுப்பாசிரியை என்னிடம் ஆள் அனுப்பினார். நித்திரைக் குறைவும் பயமும் வந்தால் முதலில் தளர்வது இந்த ஆற்றல்கள்தான், வளர்ந்தவர்களுக்கும் அப்படியே. நூலில் கோத்த பழைய மட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்தவற்றை அரை மணி நேரம் சொன்னேன். அவர் புத்தகப் பை, கதிரை, கொப்பி என்று புதிய படங்களை வரைந்து மேசையில் ஒட்டினார். பெப்ரவரி இறுதியில் போனபோது படங்கள் மேசையில் இருந்தன. அவன் அவற்றைப் பார்க்கவில்லை, கொப்பியைத் திறந்துகொண்டிருந்தான். இன்னமும் கேள்வி முடிவதற்கு முன்னர் பதில் சொல்லுகிறானாம்.

மீண்டும் செய்வதானால்

காது, இரத்தப் பரிசோதனைகளை முதல் மாதத்திலேயே செய்வித்திருப்பேன். ஜனவரியிலிருந்து நாலு மாதத்தை வீணாக்கினேன்; அதற்குள் பிள்ளை அடியும் வாங்கினான்.

விளையாட்டு விழாவுக்காகப் பெப்ரவரியில் மூன்று கிழமை அணிநடை பழக்கியதை இனிச் செய்யமாட்டேன். புதிதாக வந்த நாலு வயதுப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக, காரணம் விளங்காமல், நீண்ட நேரம் நிற்கவைத்து, நிற்க முடியாதவர்களைக் குழப்படிக்காரர் என்று அடையாளப்படுத்தியது அந்த மூன்று கிழமையில்தான். விழாவைச் செப்ரெம்பருக்குத் தள்ளுமாறு பெற்றோர் சங்கத்தைக் கேட்டிருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை.

முதலாம் ஆண்டு ஆசிரியையிடம் பிள்ளையைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பை நவம்பரிலேயே நேரில் கொடுத்திருக்கவேண்டும். எந்தப் படம் உதவும், எதில் அதிக நேரம் இருப்பான், யாருடைய பெயரைச் சொன்னால் அமைதியாவான் என்று அதில் இருந்திருந்தால், வெள்ளத்துக்குப் பின்னான அந்த முதல் கிழமைகள் அவனுக்கு இவ்வளவு கடினமாக இருந்திராது. இந்த வருடம் எங்களிடம் 19 பிள்ளைகள் இருக்கிறார்கள். 19 பேருக்கும் அந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.